சிஎஸ்கே ஷேர் வாங்கலாமா? விசில் போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க

2021 அக்டோபர் 15. துபாய்ல நடந்த ஃபைனல்ல கொல்கத்தாவை ஜெயிச்சு சென்னை சூப்பர் கிங்ஸ் நாலாவது கப்பைத் தூக்கினது. சரியா 10 நாள் கழிச்சு, அக்டோபர் 25, அதே துபாய்ல பிசிசிஐ ரெண்டு புது டீம்களை ஏலம் விட்டது. லக்னோ 7,090 கோடி ரூபாய்க்குப் போச்சு. அகமதாபாத் 5,625 கோடி.

இந்த ரெண்டு தேதியில எது சிஎஸ்கே ஷேருக்கு முக்கியமான தேதி? ரசிகரா பாத்தா 15. முதலீட்டாளரா பாத்தா 25. ஒரு மேட்ச் கூட ஆடாத டீமே 7,000 கோடின்னா, நாலு கப் வெச்சிருக்கற டீம் எவ்வளவு பெறும்னு எல்லாரும் கணக்கு போட ஆரம்பிச்ச நாள் அது. அடுத்த மூணு மாசத்துக்குள்ள அன்லிஸ்டட் மார்க்கெட்ல ஒரு சிஎஸ்கே ஷேர் 200 ரூபாயைத் தாண்டுச்சு.

பாலவாக்கத்துல இருந்து ஒரு சப்ஸ்கிரைபர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். வயசு 27. பெருங்குடியில ஐடி வேலை. கைக்கு வர்ற சம்பளம் 55,000. இந்த வருஷ போனஸ் 1,60,000. "ப்ரோ, 1 லட்சத்துக்கு சிஎஸ்கே அன்லிஸ்டட் ஷேர், 40,000-க்கு தோனி சைன் பண்ண பேட் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டுமே விலை ஏறும்தானே?"

இதே கேள்வியை நிறைய பேர் கேக்கறீங்க. வீடியோல இதை வேகமா தொட்டுட்டுப் போயிட்டோம், இங்க நிதானமா ஒண்ணொண்ணா பாத்துடலாம்.

1. முதல்ல, நீங்க வாங்கறது எந்தக் கம்பெனியோட ஷேர்?

2008-ல இந்தியா சிமெண்ட்ஸ் 91 மில்லியன் டாலருக்கு சென்னை டீமை எடுத்தது. அன்னைய டாலர் விலைக்கு சுமார் 360 கோடி ரூபாய். ரொம்ப வருஷம் டீம் அந்த சிமெண்ட் கம்பெனிக்குள்ளேயே ஒரு பிரிவா இருந்துச்சு. 2015-ல அதைத் தனியா பிரிச்சு, சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட்னு ஒரு கம்பெனிக்கு மாத்தினாங்க. அப்போ இந்தியா சிமெண்ட்ஸ் ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு, ஒரு ஷேருக்கு ஒரு சிஎஸ்கே ஷேர்ங்கற கணக்குல கிடைச்சது. அந்த ஷேருங்கதான் இன்னைக்கும் கை மாறிக்கிட்டு இருக்கு.

இங்க ஒரு பொறி இருக்கு. "இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கினா சிஎஸ்கேலயும் பங்கு வந்துடும்"னு இன்னும் பல பேர் நினைக்கறாங்க. வராது. பிரிஞ்சு பத்து வருஷம் ஆச்சு. 2024 டிசம்பர்ல இந்தியா சிமெண்ட்ஸே அல்ட்ராடெக் கைக்குப் போயிடுச்சு. ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல நீங்க பாக்கற இந்தியா சிமெண்ட்ஸ் இப்போ வெறும் சிமெண்ட்தான். அதுல ஒரு சிக்ஸர் கூட கிடையாது.

சிஎஸ்கே கம்பெனி என்எஸ்இ, பிஎஸ்இ எதுலயும் லிஸ்ட் ஆகல. அதனாலதான் அதை அன்லிஸ்டட் ஷேர்னு சொல்றோம்.

2. டீமுக்குக் காசு எங்கிருந்து வருது?

சேப்பாக்கம் நிரம்பி வழியறதைப் பாத்துட்டு "டிக்கெட்லயே கொட்டுது"ன்னு நினைப்போம். ஒரு சீசன்ல சேப்பாக்கத்துல லீக் மேட்ச் 7 தான். பெரிய காசு டிவியில இருந்தும் மொபைல்ல இருந்தும் வருது.

2023 முதல் 2027 வரைக்குமான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போச்சு. ஒரு வருஷத்துக்கு 9,678 கோடி. இதுல சுமார் பாதி டீம்களுக்குப் போகுதுன்னு வெச்சுக்குங்க. 10 டீமுக்குப் பிரிச்சா ஒரு டீமுக்கு ஏறத்தாழ 480 கோடி. கப் ஜெயிச்சாலும் தோத்தாலும் இந்தத் தொகையோட பெரும்பகுதி வந்துடும். 2025 ஏலத்துல பிளேயர்களுக்கு ஒரு டீம் செலவு பண்ணக்கூடிய உச்சவரம்பு 120 கோடி. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிசிசிஐக்குப் போற பங்கு, மத்த செலவு எல்லாம் தனியா இருக்கு. ஆனாலும் ஐபிஎல் டீம் ஏன் லாபமான தொழில்னு இதுலயே புரிஞ்சிடும்.

இதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. 2018-ல காவிரிப் போராட்டம் காரணமா சேப்பாக்கத்துல ஏப்ரல் 10 அன்னைக்கு ஒரே ஒரு மேட்ச்தான் நடந்துச்சு. மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் புனேக்குப் போச்சு. சென்ட்ரல்ல இருந்து ஸ்பெஷல் ட்ரெயின்ல ரசிகர்களைக் கூட்டிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா? உள்ளூர் ஸ்டேடியமே இல்லாம டீம் அந்த சீசனை ஓட்டி, கப்பும் ஜெயிச்சது. ஹோம் கிரவுண்ட் போனாலும் டிவி காசு போகல.

அப்போ நீங்க சிஎஸ்கே ஷேர் வாங்கினா உண்மையில வாங்கறது என்ன? ஒரு ஒளிபரப்பு ஒப்பந்தத்தோட சின்னத் துண்டு. அந்த ஒப்பந்தம் 2027-ல முடியுது.

3. 2027-க்கு அப்புறம்?

முதலீட்டாளர் கேக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "இந்த வருஷம் ப்ளேஆஃப் போவோமா?"ங்கறது அதுக்கு அப்புறம்தான்.

2022-ல அந்த 48,390 கோடி எப்படி வந்துச்சு? டிவிக்கு ஸ்டார், மொபைலுக்கு வயாகாம்18னு பெரிய கம்பெனிங்க முட்டி மோதி ஏலம் கேட்டதால. 2024 நவம்பர்ல அந்த ரெண்டும் சேர்ந்து ஜியோஸ்டார்னு ஒரே கம்பெனி ஆயிடுச்சு. போன ஏலத்துல எதிரெதிரா நின்ன ரெண்டு பேர் இப்போ ஒரே ஆள். அடுத்து, 2025 ஆகஸ்ட்ல பணம் கட்டி விளையாடற ஆன்லைன் கேம்களைத் தடை பண்ணி சட்டம் வந்துச்சு. ஃபேன்டசி கேம் கம்பெனிங்க ஐபிஎல்ல எவ்வளவு விளம்பரம் குடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஏலம் விலை குறையும்னு நான் சொல்ல வரல. வெளிநாட்டு ஓடிடி கம்பெனி யாராவது புகுந்து விலையை ஏத்தியும் விடலாம். ஆனா உங்க 1 லட்சம் எதைப் பொறுத்து இருக்குன்னு தெரிஞ்சு போடணும்.

இன்னொரு ரிஸ்க்கையும் மறந்துடாதீங்க. 2015 ஜூலை 14 அன்னைக்கு லோதா கமிட்டி தீர்ப்பு வந்து, 2016, 2017 ரெண்டு சீசனும் சிஎஸ்கே ஆடல. டீம் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருத்தரோட பெட்டிங் விவகாரத்துக்காக. ரெண்டு வருஷம் கடை மூடியிருந்த கம்பெனி இது. லிஸ்ட் ஆன கம்பெனியா இருந்தா பயந்தவங்க அன்னைக்கே வித்துட்டு வெளிய வந்திருப்பாங்க. அன்லிஸ்டட்ல அப்படி வெளிய வர முடியுமா?

4. வாங்கறது ஈஸி, விக்கறதுதான் வேலை

கணக்குக்காக ஒரு ஷேர் 200 ரூபாய்னு வெச்சுப்போம். 1 லட்சத்துக்கு 500 ஷேர். அன்லிஸ்டட் டீலர் உங்களுக்கு 200-க்கு விப்பார். அதே நாள் நீங்க திருப்பிக் குடுத்தா 185-க்குத்தான் எடுப்பார்னு வெச்சுக்குங்க. உங்க 1 லட்சம் அந்த நிமிஷமே 92,500. ஷேர் 8 சதவீதம் ஏறினாத்தான் நீங்க போட்ட காசே திரும்ப வரும்.

அந்த 200 ரூபாய்கூட எக்ஸ்சேஞ்ச்ல ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து முடிவு பண்ண விலை கிடையாது. டீலருக்கு டீலர் மாறும். 2024 டிசம்பர்ல செபியே, அனுமதி இல்லாத ஆன்லைன் தளங்கள்ல அன்லிஸ்டட் ஷேர் வாங்கி விக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டுச்சு. அங்க பிரச்சனை வந்தா, எக்ஸ்சேஞ்ச் முதலீட்டாளருக்கு இருக்கற பாதுகாப்பு உங்களுக்கு இருக்காது.

விலை வரலாறையும் பாருங்க. 2018 வாக்குல 15 ரூபாய் அளவுல இருந்த ஷேர், 2022 ஜனவரியில 200-க்கு மேல. அப்போ கம்பெனியோட மொத்த மதிப்பு 7,600 கோடின்னு செய்தி வந்துச்சு. "ஆஹா, பத்து மடங்கு"ன்னு எல்லாரும் ஓடி வந்தது அந்த நேரத்துலதான். 2023 மே மாசம் ஜடேஜா கடைசிப் பந்துல ஃபோர் அடிச்சு அஞ்சாவது கப்பும் வந்துச்சு. ஆனா அன்லிஸ்டட் விலை அந்த 2022 உச்சத்துக்குக் கீழதான் இருந்துச்சு. உச்சத்துல வாங்கினவர் கப்பைப் பாத்தார், லாபத்தைப் பாக்கல.

"ஐபிஓ வந்தா ஜாக்பாட்"னு சொல்லுவாங்க. ஐபிஓ வருமா, எப்போ வரும்னு யார் கையிலயும் தேதி இல்ல. வந்தாலும், ஐபிஓவுக்கு முன்னாடியே ஷேர் வெச்சிருக்கற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அலாட்மெண்ட்ல இருந்து 6 மாசம் லாக்-இன். முதல் நாள் ஏத்தத்துல வித்துட்டு ஓட முடியாது.

5. டாக்ஸ்: சம்பளக்காரங்க கண்டிப்பா படிங்க

- அன்லிஸ்டட் ஷேரை 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தாத்தான் நீண்டகால லாபம். வரி 12.5 சதவீதம்.
- லிஸ்ட் ஆன ஷேருக்குக் கிடைக்கற வருஷம் 1.25 லட்சம் வரிவிலக்கு இதுக்குக் கிடையாது. முதல் ரூபாய்ல இருந்தே வரி.
- 24 மாசத்துக்குள்ள வித்தா, லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப்படி வரி.
- ஒரே ஒரு அன்லிஸ்டட் ஷேர் வெச்சிருந்தாலும், அந்த வருஷம் ஐடிஆர்-1 சஹஜ் ஃபார்ம் போட முடியாது. விக்கலைன்னாலும் சரி. ஐடிஆர்-2 போட்டு, கம்பெனி பேர், பான் நம்பர், எத்தனை ஷேர், எப்போ, என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு எல்லாம் காட்டணும்.

உதாரணம்: 200-க்கு வாங்கின 500 ஷேரை 3 வருஷம் கழிச்சு 300-க்கு வித்தா லாபம் 50,000. வரி 6,250. செஸ் சேர்த்தா 6,500. இதே 50,000 லாபம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்ல வந்திருந்தா, அந்த வருஷம் வேற லாபம் எடுக்கலைன்னா, வரி பூஜ்யம்.

6. சரி, சைன் பண்ண பேட்?

2011 உலகக் கோப்பை ஃபைனல்ல தோனி சிக்ஸ் அடிச்சு முடிச்ச பேட், அதே வருஷம் ஜூலைல லண்டன்ல 1 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போச்சு. ஷேன் வார்னோட பச்சைத் தொப்பி 2020 ஜனவரியில 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல போச்சு. இந்த மாதிரி செய்தியைப் படிச்சுட்டுத்தான் நமக்கும் ஆசை வருது.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. தோனி பேட் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடந்த ஏலம். வார்ன் தொப்பி ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்கு. அந்த விலையில ஒரு பகுதி பொருளுக்கு, இன்னொரு பகுதி நன்கொடை. அதே 2020 டிசம்பர்ல டான் பிராட்மேன் முதல் டெஸ்ட்ல போட்ட தொப்பி சாதாரண ஏலத்துக்கு வந்தப்போ போன விலை 4.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிராட்மேன் வார்னை விடச் சின்ன பேரா என்ன? நிவாரண ஏலத்துல வர்ற விலையை மார்க்கெட் விலைன்னு எடுத்துக்கக் கூடாது.

அடுத்தது நிஜமா, போலியாங்கற கேள்வி. விளையாட்டு நினைவுப் பொருள் வியாபாரம் ரொம்ப வளர்ந்த இடம் அமெரிக்க பேஸ்பால். 2024-ல பேப் ரூத் 1932-ல போட்ட ஒரு ஜெர்சி 2.4 கோடி டாலருக்கு மேல போச்சு. அந்த ஊர்லயே 1990-கள்ல போலிக் கையெழுத்து தலை விரிச்சு ஆடினதால எஃப்பிஐ இறங்கி ஒரு பெரிய கும்பலைப் பிடிச்சுது. டோனி க்வின்ங்கற நட்சத்திர வீரர், தன் பேர்ல இருந்த போலிக் கையெழுத்தைத் தன் சொந்த டீமோட கடையிலேயே பாத்தார்! அதுக்கப்புறம் 2001-ல மேஜர் லீக் பேஸ்பால் ஒரு முறையைக் கொண்டு வந்துச்சு. பந்தோ பேட்டோ மைதானத்துல இருந்து வரும்போதே ஒருத்தர் நேர்ல பாத்து, நம்பர் போட்ட ஹாலோகிராம் ஒட்டணும். சாட்சி இல்லாத பொருளுக்கு ஸ்டிக்கர் கிடையாது.

இப்போ உங்க 40,000 ரூபாய் பேட்டுக்கு வாங்க. தோனி அதுல சைன் பண்ணதை யார் பாத்தாங்க? விக்கறவரே அச்சடிச்ச சர்ட்டிஃபிகேட் சாட்சி ஆகாது. அந்தப் பேட்ல தோனி ஆடினாரா, சும்மா சைன் மட்டுமா? நாளைக்கு நீங்க விக்கணும்னா எங்க விப்பீங்க? ஈசிஆர்ல நகை அடகுக்கடை நாலு இருக்கு, ஒருத்தராவது பேட்டை வெச்சுக்கிட்டு காசு குடுப்பாரா? தங்கத்துக்குத் தினமும் விலை பேப்பர்ல வருது. பேட்டுக்கு, அதை உங்களை விட அதிகமா விரும்பற ஒருத்தர் கிடைச்சாத்தான் விலை.

இதனால எதையும் சேத்து வைக்காதீங்கன்னு அர்த்தம் கிடையாது. 2018 ஏப்ரல் 10 சேப்பாக்கம் டிக்கெட் உங்ககிட்ட இருந்தா, பத்திரமா வைங்க. அந்த சீசன்ல இங்க நடந்த ஒரே மேட்ச் அது. மார்ல ஏர்செல்னு போட்ட பழைய மஞ்சள் ஜெர்சி இருந்தா அதையும் வைங்க. ஏர்செல் கம்பெனியே இப்போ இல்ல, ஜெர்சி இருக்கு. 2023 மே 14 அன்னைக்கு சேப்பாக்கத்துல சுனில் கவாஸ்கர் ஓடி வந்து, தான் போட்டிருந்த சட்டையிலேயே தோனிகிட்ட கையெழுத்து வாங்கினார். அந்தச் சட்டைக்கு நாளைக்கு என்ன ரேட் வரும்னு யோசிச்சா அவர் ஓடினார்? நினைவுப் பொருளை அந்த மனசோட வாங்குங்க, அதுல ரிட்டர்ன் தேடாதீங்க.

7. அப்போ அந்த 1,60,000-ஐ என்ன பண்றது?

பாலவாக்கம் நண்பரோட மாசச் செலவு, ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து 32,000. ஆறு மாசத்துக்கு அவசர நிதி 1,92,000 வேணும். கையில இருக்கறது 70,000. குறையறது 1,22,000. ஐடில லேஆஃப் எப்படி வருதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வேலை போன மாசம் வாடகை கேக்க வர்ற ஹவுஸ் ஓனர்கிட்ட அன்லிஸ்டட் ஷேரைக் காட்ட முடியாது.

நான் சொன்ன பிரிவு இது:

- அவசர நிதிக்கு: 1,22,000. ஃபிக்ஸட் டெபாசிட் இல்லன்னா லிக்விட் ஃபண்ட்.
- இண்டெக்ஸ் ஃபண்ட்: 23,000.
- ஆசை தீரலைன்னா சிஎஸ்கே ஷேர்: 10,000. அதுக்கு மேல வேணாம்.
- ரசிகர் பட்ஜெட்: 5,000. ஜெர்சி, ஒரு மேட்ச் டிக்கெட். இது செலவுக் கணக்கு, முதலீட்டுல சேராது.

சில டீலர் "குறைஞ்சது இத்தனை ஷேர் எடுக்கணும்"னு சொல்லுவாங்க. 10,000-க்குள்ள அது அடங்கலைன்னா வாங்காதீங்க. மினிமம் லாட்டுக்காக பட்ஜெட்டை ஏத்தறது தப்பு.

எனக்கு நானே வெச்சிருக்கற விதி: அன்லிஸ்டட் ஷேர் எல்லாம் சேர்த்து மொத்த முதலீட்டுல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுவும் அவசர நிதி, டெர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் பாலிசி மூணும் முடிஞ்ச அப்புறம்தான்.

8. வாங்கறதுக்கு முன்னாடி 5 கேள்வி

1. இந்தப் பணம் 5 வருஷம் முடங்கினா என் வீடு ஓடுமா?
2. கம்பெனியோட கடைசி ஆண்டறிக்கையைப் படிச்சேனா? மொத்த ஷேர் எண்ணிக்கையை விலையால பெருக்கி, மொத்த மதிப்பு எத்தனை கோடின்னு பாத்தேனா? அது வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு?
3. இன்னைக்கே திருப்பி வித்தா என்ன விலை தருவீங்கன்னு டீலர்கிட்ட கேட்டேனா?
4. 2028-ல ஒளிபரப்பு காசு குறைஞ்சாலும் இந்த விலைக்கு நான் வாங்குவேனா?
5. தோனி இல்லாத, டீம் கடைசி இடத்துல இருக்கற ஒரு சீசன்லயும் இந்த ஷேரை நிம்மதியா வெச்சிருப்பேனா? 2025-ல முதல் முறையா கடைசி இடத்துல முடிச்சோம். அப்போ உங்க மனசு எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க.

அஞ்சுக்கும் தெளிவா பதில் இருந்தா, சின்ன அளவுல வாங்குங்க. ஒண்ணுல தடுமாறினாலும் காத்திருங்க. ஐபிஎல் அடுத்த வருஷமும் வரும், ஷேரும் எங்கயும் ஓடிப் போகாது.

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். உங்க அவசர நிதி எத்தனை மாசத்துக்கு வரும்னு மட்டும் கணக்கு போட்டு, மாச எண்ணிக்கையை வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல எழுதுங்க. உங்ககிட்ட இருக்கற பழைய சிஎஸ்கே பொருள் எதுன்னும் சொல்லுங்க.

இது கத்துக்கறதுக்கான பதிவு மட்டும்தான், எந்த ஷேரையும் வாங்கச் சொல்லியோ விக்கச் சொல்லியோ தர்ற பரிந்துரை கிடையாது. முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி செபியில பதிவு பண்ண ஆலோசகர்கிட்ட பேசிக்குங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.